"எந்த அணி?" என்று கேட்டால்

தம்பி, பிரேசிலின் சாவோ பாலோவுக்கு வந்து மூன்றே வாரம், அலுவலகத்தில் ஆளாளுக்கு "எந்த அணி?" என்கிறார்கள், பேச்சுக்கு இவ்வூர்க் கால்பந்து அணியான கொரிந்தியன்ஸ் என்று சொல்லிவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சுக்கு மட்டும் சொல்லாதீர்கள். இங்கே அணி மாறுகிறவனை 'விரா கசாக்கா' என்பார்கள். சட்டையைத் திருப்பிப் போட்டவன். அந்தப் பெயர் ஒட்டினால் போகாது.

வந்த புதிதில் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் பச்சைச் சட்டையில் போய் நின்றேன். அவருடைய அம்மா அன்பாகத்தான் பரிமாறினார், ஆனால் பார்வை சட்டையை விட்டு நகரவில்லை. அவர்கள் கொரிந்தியன்ஸ் குடும்பம். பச்சை, அதன் பரம எதிரியான பால்மெய்ராஸ் அணியின் நிறம். எனக்கு யார் சொன்னார்கள்?

பந்து பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் காலில் இருந்த காலம் அது. 1910இல் போம் ரெச்சீரோ பகுதியின் தொழிலாளர்கள் சிலர் கொரிந்தியன்ஸ் மன்றத்தைத் தொடங்கினார்கள். பெயர், அந்த ஆண்டு இங்கு விளையாட வந்த ஓர் ஆங்கிலேய அணியிடம் வாங்கிய கடன். 1954க்குப் பிறகு 1977 வரை பெரிய கோப்பை எதுவும் கிடையாது. வேறு அணியாக இருந்தால் கூட்டம் கலைந்திருக்கும், இதற்கோ கூடியது. 1976 அரையிறுதிக்கு ரியோவின் மரக்கானா மைதானத்துக்கு எழுபதாயிரம் பேர் திரண்டு போனதாக இன்றும் சொல்கிறார்கள். ஆகவே "நாங்கள் துன்பப்படப் பிறந்தவர்கள்" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். அது பெருமை.

என்னை இழுத்தது கோப்பைகள் அல்ல, 1982. ராணுவ ஆட்சி நடந்த நாட்டில், கொரிந்தியன்ஸில் மட்டும் பயிற்சி நேரம் முதல் புதிய வீரரைச் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். நட்சத்திர வீரருக்கும் ஒரே வாக்கு, உடைகளைக் கவனிக்கும் ஊழியருக்கும் ஒரே வாக்கு. மருத்துவம் படித்த சாக்ரடீஸ், விளாதிமிர், காசாகிராந்தே ஆகிய வீரர்கள் முன்னால் நின்றார்கள். அந்த நவம்பரில் தேர்தல் வந்தபோது "15ஆம் தேதி வாக்களியுங்கள்" என்று முதுகில் எழுதிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். எந்தக் கட்சிக்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவும் இல்லை.

இப்போதைக்கு "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் கடைசி நிலையம் கொரிந்தியன்ஸ் இத்தாகேரா. இறங்கினால் மைதானம் தெரியும். ஓர் ஆட்டம் பாருங்கள். பால்மெய்ராஸுடன் மோதும் நாள் மட்டும் முதல் முறைக்கு வேண்டாம். அன்று மைதானத்துக்குரிய அணியின் ரசிகர்களை மட்டுமே உள்ளே விடுவார்கள், டிக்கெட்டும் லேசில் கிடைக்காது. உங்கள் பெட்டியில் பச்சைச் சட்டை இருக்கிறதா?