பாத்தியமும் அனுபோகமும்

அன்புள்ள ஐயா,

என் மகள் தைவானில் சிஞ்சு நகரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. தினமும் இரவுச் செய்தியில் போர்க்கப்பல், போர் விமானம் என்று காட்டுகிறார்கள். அவளிடம் கேட்டால் “இங்க யாரும் அதைப் பத்திப் பேசுறதே இல்லம்மா” என்கிறாள். அமெரிக்காவும் சீனாவும் உட்கார்ந்து பேசுகிறார்கள், கடைசியில் அதே வெற்று வார்த்தைகள். தைவான் யாருடையது என்று ஒரே வரியில் சொல்லாமல் எதற்கு இந்த மழுப்பல்? நாம் யார் பக்கம் நிற்க வேண்டும்? மகளைத் திரும்பி வரச் சொல்லலாமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

மகளைக் கூப்பிடாதீர்கள். படிப்பு முடியட்டும். தலைநகர் தைபேயில் இந்தியத் தூதரகத்தின் வேலையைச் செய்யும் இந்தியா-தைபே சங்கத்தில் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும் தாயிடம் ‘பயப்படாதே’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த இரவுச் செய்தியை நிறுத்த உங்களால் முடியும். இன்றைக்கே நிறுத்துங்கள்.

யார் பக்கம் நிற்பது என்றால், அந்தத் தீவில் 2.3 கோடிப் பேர் குடியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நில்லுங்கள். அதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை.

‘மழுப்பல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைத் தைத்தது. சில வாரங்களாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு கொட்டகையில் சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். எல்லாம் பேசி முடிந்துவிட்டது, ஒரு கிணற்றடியைத் தவிர. தம்பி அதில் இறைத்துக்கொண்டிருந்தார். அண்ணனோ அது தன்னுடையது என்றார். நான்கெல்லை எழுதும் இடத்தில் ‘தம்பிக்குப் பாத்தியப்பட்ட கிணறு’ என்று எழுதினால் அண்ணன் கைநாட்டு வைக்கமாட்டார். ‘பொதுக்கிணறு’ என்றால் தம்பி எழுந்து போய்விடுவார். அப்பா வெகுநேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். பிறகு எழுதினார்: ‘வடக்கே தம்பி அனுபவித்துவரும் கிணற்றடி.’ படித்துக் காட்டினார். இருவரும் தலையாட்டினார்கள். பாத்தியம் என்ற உரிமை வேறு, அனுபோகம் என்ற பயன்பாடு வேறு என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கைநாட்டு வைத்தார்கள்.

1972 பிப்ரவரியில் ஷாங்காயில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சீனப் பிரதமர் சூ என்லாயும் வெளியிட்ட கூட்டறிக்கை அப்பா எழுதிய அந்த வரியைப் போன்றதுதான். தைவான் நீரிணையின் இரு கரையிலும் உள்ள சீனர்கள், சீனா ஒன்றே, தைவான் அதன் பகுதி என்று சொல்லிவருகிறார்கள். அதை அமெரிக்கா ‘அக்னாலெஜ்’ செய்கிறது, மறுத்துப் பேசவில்லை. நீங்கள் சொல்வது என் காதில் விழுந்தது என்ற அளவில் நிற்கும் சொல் அது. ஒப்புக்கொண்டேன் என்று ஆகாது. அன்றைய சீன வாசகத்தில் அதற்கு ‘ரென்ஷி தாவ்’ என்று எழுதினார்கள். அதுவும் ஏறக்குறைய ‘அறிந்துகொண்டோம்’தான்.

இரு நாடுகளும் தூதரக உறவு தொடங்கிய 1979 ஜனவரி 1 அறிக்கையில்தான் நுட்பம். பீஜிங் அரசே சீனாவின் ஒரே சட்டபூர்வ அரசு என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரெகக்னைஸ்’, அதாவது அங்கீகரிக்கிறோம். தைவான் பற்றிய சீனாவின் நிலைப்பாட்டுக்கு மறுபடியும் ‘அக்னாலெஜ்’. சீன வாசகத்திலோ இரண்டு இடத்திலும் ஒரே சொல், ‘செங்ரென்’. ஒப்புக்கொள்ளுதல் என்ற பொருளும் தரும் சொல். எங்களைக் கட்டுப்படுத்துவது ஆங்கில வாசகம் மட்டுமே என்று அமெரிக்க அரசு தன் செனட்டிடம் சொல்லிவிட்டது. ஒரே கையெழுத்து, இரண்டு வாசிப்பு. இதை வெற்று வார்த்தை என்கிறீர்கள்.

அம்மா, அந்த வார்த்தைக்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா? சீனக் கரையிலிருந்து சில கிலோமீட்டரில் கின்மென் என்றொரு தீவு, தைவான் வசம். 1958இல் சீனப் படையினர் அதன்மேல் குண்டுமழை பொழிந்தார்கள். பிறகு ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் சுடுவது என்று வழக்கமாயிற்று. பின்னாளில் குண்டுக்குள் வெடிமருந்துக்குப் பதிலாகப் பிரசாரத் தாளை வைத்துச் சுட்டார்கள். அது விழுந்தாலும் கூரை உடையும். அந்த ஊர்க் கொல்லர்கள் குண்டு உறைகளை அடித்துக் கத்தி செய்து விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். சுடுவது எந்த நாளில் நின்றது? அதே 1979 ஜனவரி 1இல். நீங்கள் மழுப்பல் என்று தள்ளும் அந்தத் தாள் நடைமுறைக்கு வந்த அன்று.

2001 ஏப்ரலில் ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்தார். 24 அமெரிக்கர்கள் பிடிபட்டார்கள். பதினோரு நாள் கழித்து அவர்களை மீட்டது ‘மிகவும் வருந்துகிறோம்’ என்று இரண்டு இடத்தில் எழுதிய ஒரு கடிதம். சீனப் பத்திரிகைகள் அதை மன்னிப்பு என்று எழுதின. அமெரிக்கா அது மன்னிப்பே அல்ல என்றது. அந்த 24 பேரும் வீடு திரும்பினார்கள்.

நீங்கள் கேட்கும் ஒரே வரித் தெளிவையும் ஒருவர் தந்து பார்த்தார். தைவானைப் படை அனுப்பிக் காப்பீர்களா என்று 2022 மே மாதம் டோக்கியோவில் கேட்டபோது அன்றைய அமெரிக்க அதிபர் பைடன் ‘ஆம்’ என்றார். கொள்கை மாறவில்லை என்று வெள்ளை மாளிகை உடனே ஓடிவந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் அன்றைய சபாநாயகர் நான்சி பெலோசி தைபேயில் போய் இறங்கினார். சீனா ஏவிய ஏவுகணைகளில் ஐந்து ஜப்பானின் பொருளாதார மண்டலக் கடலில் விழுந்தன என்று ஜப்பான் சொன்னது. இரு ராணுவங்களின் பேச்சுவார்த்தையை சீனா நிறுத்தியது. 2023 பிப்ரவரியில் தன் வானில் பறந்த சீன பலூனைச் சுட்டுவிட்டு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் போன் செய்தார், பீஜிங்கில் எடுக்கவில்லை. பேச்சைத் திரும்பத் தொடங்க ஒப்புக்கொண்டது அந்த நவம்பரில்தான். இதற்குள் பிலிப்பைன்ஸ் மேலும் நான்கு தளங்களை அமெரிக்காவுக்குத் திறந்துவிட்டது. அவற்றில் இரண்டு தைவானை நோக்கிய ககயான் மாகாணத்தில். தைவானிலிருந்து 110 கிலோமீட்டரில் இருக்கும் யோனகுனி தீவிலும் ஜப்பான் ராணுவத்தின் பலம் கூடுகிறது. எனக்குப் பயம் தருவது இதுதான். அந்தக் கடலில் எல்லோரும் தெளிவாகிக்கொண்டிருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் ‘தைவான் தனிநாடாவதை ஆதரிக்கவில்லை’ என்ற ஒரு வரி அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. ஒரே வரி. திருத்துங்கள் என்று பீஜிங் கொதித்தது. வெற்று வார்த்தைக்கு யாராவது இப்படிக் கொதிப்பார்களா?

அந்தச் சொற்களை எழுதியபோது தைவான் மக்களை யாரும் கேட்கவில்லை. அது அநியாயம்தான். அந்த அநியாயத்தை ஏவுகணை நேராக்காது.

அப்பா எழுதிய பத்திரம் 26 வருடம் தாங்கியது. கிணறும் இறைத்துக்கொண்டே இருந்தது. அண்ணனின் மகன் தலையெடுத்ததும் ‘எல்லாத்தையும் தெளிவா முடிச்சிடலாம்’ என்று வக்கீல் நோட்டீஸ் விட்டார். சர்வேயர் கல் ஊன்றிய அன்று மண்வெட்டி ஓங்கப்பட்டது. தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்று சாப்பிடவில்லை. “ஒரு சொல்லு இன்னும் நாலு தலைமுறை தாங்கும்னு நெனச்சேன்” என்றார். இப்போது அந்தக் கிணறு தூர்ந்து கிடக்கிறது.

உங்கள் மகளுக்கு விசா வந்த ஆவணங்களை எடுத்துப் பாருங்கள். சென்னையில் இருக்கும் அந்த அலுவலகத்தின் பெயர் ‘தைபே பொருளாதார பண்பாட்டு மையம்’. பெயரில் தைவான் இல்லை, தூதரகமும் இல்லை. ஆனால் விசா கொடுக்கிறது, உங்கள் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போரைப் பற்றிக் கேட்காதீர்கள். கூடப் படிக்கும் தைவான் பிள்ளைகளிடம் ‘செங்ரென்’, ‘ரென்ஷி தாவ்’ இரண்டையும் எப்போது எதைச் சொல்வார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.