கலிங்கில் பலகை இருக்கும்வரை சட்டம் உங்கள் பக்கம் நிற்காது

கேள்வி: எங்கள் பட்டா நிலத்துப் பள்ளத்தில் அப்பா 30 ஆண்டுகளுக்கு முன் மண் கரை போட்டுக் கட்டிய சிறிய அணை இது. உயரம் 6 மீட்டர். படகு விடவும் தூண்டில் போடவும் மட்டும் பயன்படுகிறது. கீழ்ப்பக்கத்துக்காரர் எட்டு வருடத்துக்கு முன்தான் அங்கே வீடு கட்டினார். எல்லைத் தகராறில் எங்கள்மேல் காழ்ப்பு உள்ளவர். கரையடியில் நீர் கசிகிறது, கரை உடைந்தால் குடும்பமே போகும் என்று இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கசிவு அப்பா காலத்திலிருந்தே உண்டு. கோடையிலும் படகு ஓடுவதற்காக, மிகைநீர் வழிந்தோடும் கலிங்கின்மேல் பலகை வைத்து ஒன்றரை அடி நீர் ஏற்றியிருக்கிறோம். மீன் போகாமல் கம்பிவலையும் கட்டியிருக்கிறோம். அணைப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். அவர்மேல் எதிர்வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். எல்லைத் தகராறு, காழ்ப்பு, பிறகு வந்து வீடு கட்டியது எதுவும் இந்த வழக்கில் எடுபடாது. ஆபத்து இருக்கும் இடத்துக்கு அவரே வந்தார் என்பது எதிர்வாதமாக ஏற்கப்படுவதில்லை. கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தப் பலகையும் வலையும்தான் வழக்கே.

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுக்கும்தான். உங்கள் அணை அதில் வராது. ஆனால் அந்தச் சட்டம் வராததால் உங்களுக்குப் பொறுப்பு இல்லாமல் போகாது. ஆபத்தானதைத் தன் நிலத்தில் தேக்கியவர் அது வெளியேறினால் கவனக்குறைவு இல்லாமலே பொறுப்பேற்க வேண்டும் என்ற 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் விதி, ஒருவர் கட்டிய நீர்த்தேக்க வழக்கிலேயே பிறந்தது. உங்கள் வக்கீல் 1874ஆம் ஆண்டு கார்வேட்நகர் ஜமீன்தார் தீர்ப்பைக் காட்டலாம். அங்கே ஏரி உடைந்து ரயில்வே பாலம் போனதற்கு ஜமீன்தார் பொறுப்பாகவில்லை. அவை ஊரே நம்பியிருந்த பழைய பாசன ஏரிகள், கவனக்குறைவும் நிரூபிக்கப்படவில்லை. படகுக்காகத் தேக்கிய நீருக்கு அந்த நிழல் கிடைக்காது.

பலகை என்ன செய்கிறது என்று பாருங்கள். கலிங்கின் தலைக்கும் கரையின் தலைக்கும் 3 அடி இருந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது ஒன்றரை அடிதான். கலிங்கு வெளியேற்றும் நீர், அதன் மேல் நிற்கும் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு (1.5 படிக்கு) ஏற்ப மாறும். ஆகவே உயரம் பாதியானால் கொள்ளளவு பாதியாவதில்லை, ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். மழையில் இலையும் கிளையும் வந்து வலையை அடைத்தால் அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. நீர் கரையேறி வழியும், மண் கரை அரிக்கப்பட்டுப் போகும். 1889இல் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில் உல்லாச மன்றத்தார் கலிங்கில் போட்ட மீன்வலை குப்பையால் அடைபட்டது. அணை உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். நம் பழைய ஏரிக் கலிங்குகளிலும் கல் நட்டு இடையில் மண்ணும் புல்லும் அணைத்து நீர் ஏற்றுவார்கள். வெள்ளத்துக்கு அந்த மண்ணை எடுத்துவிடலாம். உங்கள் பலகை அப்படிப் போகாது.

இனிமேல்தான் கட்சிக்காரர்கள் குழியில் விழுவார்கள். முதல் குழி, கோபத்தில் எழுதும் பதில் நோட்டீஸ். 'கசிவு 20 வருடமாக உண்டு' என்று எழுதினால் அது காலாவதி வாதம் ஆகாது. தொடர் தீங்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு கணமும் புதிய காலம் தொடங்கும். எழுதியது, தெரிந்தே விட்டுவைத்தீர்கள் என்ற ஒப்புதலாக மட்டும் நிற்கும். பிறகு உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு; அந்தக் கடிதம்தான் முதல் சாட்சி ஆவணம்.

இரண்டாவது குழி, நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் அட்வகேட் கமிஷனர் வருவதற்குள் 'சரிசெய்து' விடுவது. கசியும் வாயில் களிமண்ணை அடைப்பார்கள். உள்ளே அழுத்தம் ஏறி நீர் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அங்கே போட வேண்டியது மணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல்: நீர் வெளியேற வேண்டும், மண் நிற்க வேண்டும். கரையில் உள்ள பெரிய மரத்தை ஒரே நாளில் வெட்டுவார்கள். வேர் சில வருடத்தில் மக்கி நீருக்கு வழியாகும், சாட்சியத்தை அழித்தீர்கள் என்ற பேரும் வரும். பயத்தில் மதகை முழுதும் திறப்பது இன்னும் மோசம். நீர் வேகமாக இறங்கினால் ஊறிய உட்சரிவு சரியும், திறந்துவிட்ட நீரே அவர் வீட்டுக்குள் போகும். நாளுக்கு ஓரடிக்கு மேல் இறக்காதீர்கள்.

ஆகவே சமரசம் பேசுங்கள். அதற்கு முன், அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, நீர்மட்டத்தை மதகு வழியாகக் கலிங்குத் தலைக்குக் கீழே இறக்கி, அப்புறம் பலகையையும் வலையையும் எடுத்துப் படமும் எடுங்கள். கசிவை வாரம் ஒருமுறை வாளியில் பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அன்றைய நீர்மட்டம், நீர் தெளிவா கலங்கலா என்று தேதியோடு எழுதுங்கள். கலங்கல் என்றால் கரைமண் போகிறது. அன்றே பொறியாளரை அழைக்க வேண்டும். பொறியாளர் அறிக்கை வாங்கிவிட்டு அதைச் செய்யாமல் வைப்பது, அறிக்கையே இல்லாததைவிடக் கேடு.

ஒப்பந்தத்தில் பொறுப்பு ஒப்புதல் இல்லை என்ற வாசகம், பலகை நிரந்தரமாக நீக்கம், இருவரும் ஏற்ற பொறியாளர், பருவமழைக்கு முன் ஒருமுறை அவர் முன்னிலையில் பார்வை, கனமழை இரவில் அவருக்குத் தகவல் சொல்வது யார் என்பது எல்லாம் வர வேண்டும். மத்தியஸ்தர் வழியாகச் செய்வதானால், 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்ற வழி செய்கிறது; அந்தப் பிரிவு அமலுக்கு வந்துவிட்டதா என்று உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்றுவிட்டு ஒதுங்கலாம் என்று நினைத்தால், வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத, உங்களுக்குத் தெரிந்த குறையைச் சொல்லியாக வேண்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. பட்டாவில் உடன்பிறந்தார் பெயரும் இருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் ஒப்பந்தம் அவரைக் கட்டாது, பலகை மறுபடி ஏறும்.