கூட்டுத்தொகை மட்டும் போதாது

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அயனி மண்டலம், அதாவது சூரிய ஒளியால் எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் மேல் வளிமண்டலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஜிபிஎஸ் சிக்னலிலிருந்தே மேலே எத்தனை எலக்ட்ரான் என்று தெரிந்துவிடும் என்கிறீர்கள். அப்புறம் எதற்குத் தரையில் அயனோசோண்ட் என்ற பழைய கருவி? இவ்வளவு தரவு இருந்தும் கணிப்பு மாதிரிகள் ஏன் இன்னும் தவறுகின்றன?

மாலதி

அன்புள்ள மாலதி,

ஜிபிஎஸ் தருவது கூட்டுத்தொகை மட்டும்தான். 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அதிர்வெண்களில் சிக்னல் வருகிறது, அயனி மண்டலத்தில் குறைந்த அதிர்வெண் கூடுதலாகத் தாமதமாகும், அந்த வித்தியாசத்தை வைத்து வழி நெடுக இருந்த எலக்ட்ரான்களை எண்ணிவிடலாம். ஆனால் அவை 250 கிலோமீட்டரில் நெருங்கிக் கிடந்தனவா, 400 கிலோமீட்டரில் பரவிக் கிடந்தனவா என்று அந்த எண் சொல்லாது. இடம் காட்டும் கருவிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. சிற்றலையில் தொடர்பு கொள்கிறவருக்கோ, அலை எந்த உயரத்தில் திரும்பும் என்பதுதான் எல்லாமே.

அயனோசோண்ட் வேறு மாதிரி வேலை செய்கிறது. 1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 20 வரை படிப்படியாக ஏற்றிக்கொண்டே நேர் மேலே துடிப்புகளை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். அது வரைகிற படத்தை ஒருமுறை பாருங்கள்: கோடு கொஞ்ச தூரம் படுத்தபடி போகும், பிறகு சட்டென்று செங்குத்தாக ஏறி மறைந்துவிடும். அதற்கு மேற்பட்ட அதிர்வெண் திரும்பாமல் ஊடுருவிப் போய்விடுகிறது என்று பொருள். மறைகிற இடம் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால், அடர்த்தி மிக அதிகமாக உள்ள உச்சத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 12 லட்சம் எலக்ட்ரான். இவ்வளவு நேரடியான அளவு வேறு எதிலும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. உச்சத்துக்கு மேலே இருப்பதுதான் அதற்குத் தெரியாது, கடலுக்கு நடுவில் கருவி வைக்கவும் முடியாது.

அந்தக் குறையைச் செயற்கைக்கோள்கள் தீர்க்கின்றன. 1962-இல் கனடாவின் அலுவெட் மேலிருந்து கீழே துடிப்பு அனுப்பி மேல்பாதியை அளந்தது. 2006-இல் போன காஸ்மிக் செயற்கைக்கோள்கள், பூமியின் விளிம்புக்குப் பின்னால் மறைகிற ஜிபிஎஸ் சிக்னலைப் பிடித்து உயரத்துக்கு உயரம் அடர்த்தியைக் கணக்கிட்டன. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கணக்கு வழக்கமாக, சுற்றுவட்டாரம் முழுக்க அடர்த்தி ஒரே சீராக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் 15 டிகிரி அருகே அடர்த்தி இரண்டு மேடுகளாக எழும்பி நிற்கிற இடத்தில் அது பொய்யாகிவிடும். அங்கே தரைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தத் தரவையும் நான் நம்பமாட்டேன்.

மாதிரிகள் தவறுவதற்கு வருகிறேன். சர்வதேச அயனி மண்டல மாதிரியான ஐஆர்ஐ அடிப்படையில் மாத சராசரியைத்தான் தருகிறது, இன்று மாலை என்ன நடக்கும் என்பதற்கு இன்றைய தரவை அதில் கலக்க வேண்டும். கலக்கும்போது எந்தத் தரவு எவ்வளவு பிசகும் என்று தெரிந்து, அதற்கேற்ற எடை கொடுக்க வேண்டும், உண்மையான உழைப்பு இங்கேதான். ஜிபிஎஸ் ரிசீவருக்குள்ளேயே இரண்டு சிக்னல்களுக்கும் இடையில் ஒரு நானோநொடி வித்தியாசம் வந்தால் போதும், கூட்டுத்தொகை ஏறக்குறைய 3 அலகு மாறிவிடும் (ஓர் அலகு என்பது சிக்னல் வந்த வழி நெடுக, ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுக்குள் 10^16 எலக்ட்ரான்). அமைதியான இரவில் மொத்தமே சில அலகுகள்தான் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் விட்டால் சில சமயம் எலக்ட்ரான் எண்ணிக்கை மைனஸில் வரும். அது பார்த்தவுடன் தெரிகிற தப்பு. 3 அலகு கூடிப்போனால் யாருக்கும் சந்தேகமே வராது, பக்கத்தில் ஓர் அயனோசோண்ட் இருந்தாலொழிய.