துபாயிலிருந்து ஊருக்குப் பேச எந்த இணைய அழைப்புச் சேவை நல்லது? வாட்ஸ்அப் கால் ஏன் போவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வேலைக்காக முதல் முறையாகத் துபாய் வந்திருக்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகிறது, கால் மட்டும் போகவில்லை, ஊரில் வயதான அம்மா அப்பா, எந்தச் சேவையை வாங்கலாம், விபிஎன் (நாம் இருக்கும் இடத்தை மறைத்து இணையத்தில் நுழைய வைக்கும் ஆப்) போடலாமா.

நான் 2009-லிருந்து ஷார்ஜாவில் இருக்கிறேன். ஏசி வேலை. ஊர் பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். எண்ணைச் சுரண்டி எடுத்துப் பேசும் காலிங் அட்டையில் ஆரம்பித்து இன்று வரை ஊருக்குப் பேச என்னென்ன வழி உண்டோ ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எந்த ஆப் என்று யோசிப்பதற்கு முன்னால் உங்கள் அம்மா கையில் என்ன போன் இருக்கிறது, அதில் அவருக்கு எதை அழுத்தத் தெரியும் என்று பாருங்கள். நாம் இங்கே எவ்வளவு பணம் கட்டினாலும், பேச்சு சரியாகக் கேட்பதும் கேட்காததும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் முடிவாகிறது. எனக்கு இது புரியவே பல வருடம் ஆனது.

சரி, வாட்ஸ்அப் விஷயம். உங்கள் போனில் கோளாறு ஒன்றும் இல்லை. அமீரகத்தில் இணையம் வழியாகக் குரல் அழைப்பு தருவது உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிய தொழில். எடிசலாட் (இப்போது e& என்று பெயர்), டூ என்று இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. மற்ற ஆப்கள் இவர்களோடு ஒப்பந்தம் போட்டு, ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி பெற்றால்தான் குரலும் வீடியோவும் திறக்கும். அதனால் வாட்ஸ்அப், ஃபேஸ்டைம் இரண்டிலும் கால் அடைத்திருக்கிறது. ஊரிலிருந்து அவர்கள் நமக்குப் போட்டாலும் இதே கதிதான். மணி அடிக்கும், ஆசையாக எடுப்போம், இணைக்கிறது இணைக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்து அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் கால் வசதி வந்த புதிதில் இப்படி ஒரு தடை இருப்பது அம்மாவுக்குப் புரியவில்லை, பிள்ளை வேண்டுமென்றே எடுக்க மாட்டேன் என்கிறான் என்று மனசுக்குள் வைத்திருந்தார் என்பது இரண்டு வருடம் கழித்து லீவில் போனபோதுதான் தெரிந்தது. ஆகவே முதல் வேலையாக உங்கள் வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள், இந்த நாட்டில் அதில் கால் வராது, நான் எடுக்காமல் இருக்கவில்லை என்று.

ஆனால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதற்குத் தடை இல்லை. இதைப் பலர் கண்டுகொள்வதே கிடையாது. என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசி விடச் சொல்லிக் கொடுத்தோம். இப்போது தேங்காய் போட்டது, பக்கத்து வீட்டுக் கல்யாணம், மாடு கன்று ஈன்றது என்று தினமும் இரண்டு மூன்று வந்துவிடும். நான் வேலை நடுவே மாடியில் வெயிலில் நிற்கும்போது எடுத்துப் பேச முடியாது, சாப்பாட்டு நேரத்தில் காதில் வைத்துக் கேட்பேன். "தம்பி, சாப்பிட்டியா" என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும்.

நேரடியாகப் பேச இங்கே சட்டப்படி உள்ள வழி, அனுமதி பெற்ற ஆப்கள். போட்டிம் எல்லோரும் அறிந்தது. 2018 ஜனவரியில் எடிசலாட் இதற்கென்று ஒரு இணைய அழைப்புத் திட்டம் கொண்டுவந்தபோது மொபைலுக்கு மாதம் 50 திர்ஹம், வீட்டு இணைப்புக்கு 100 திர்ஹம். அதே சமயத்தில்தான் ஸ்கைப்பும் இங்கே அடைபட்டது, அதையே நம்பியிருந்தவர்கள் ரொம்பத் திண்டாடினார்கள். அதற்குப் பிறகு கோசாட் போன்றவையும் வந்தன, விலையும் சலுகையும் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே உங்கள் சிம் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் ஜூம், டீம்ஸ் போன்றவற்றைப் படிப்புக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கும் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக ஜூம் பழகியிருந்ததால் அந்த வருடம் நாங்கள் அதில்தான் முகம் பார்த்துப் பேசினோம்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள், எனக்கு 50 திர்ஹம் இதில் போனது. மொபைல் சிம்முக்கு வாங்கும் அழைப்புத் திட்டம் அந்த சிம்மின் டேட்டாவில்தான் வேலை செய்யும். நான் அதை வாங்கிவிட்டு ரூமுக்கு வந்து வைஃபையில் போட்டுப் பார்த்தேன், போகவே இல்லை. ரூமில் எட்டுப் பேர் சேர்ந்து காசு போட்டு எடுத்த வைஃபை வேறொருவர் பெயரில் இருக்கிறது, அதற்குத் தனித் திட்டம் வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பெட் ஸ்பேஸில், அதாவது ரூமில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து இருக்கிறவர்கள், கம்பெனி கேம்பில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும், அந்த 50 திர்ஹத்தை எத்தனை நாள் மிச்சம் பிடித்துச் சேர்த்தோம் என்று நமக்குத்தான் தெரியும்.

இந்த ஆப் ஊரில் அம்மா போனிலும் இருக்க வேண்டும், சந்தா கட்ட வேண்டியது நாம்தான் என்றாலும். அது வெறுமனே இருந்தால் போதாது. மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் பல, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்களைத் தூங்க வைத்துவிடும். நாம் இங்கே பத்துத் தடவை போட்டாலும் அங்கே மணியே அடிக்காது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றிவிட வேண்டும். லீவில் போகும்போது நீங்களே உட்கார்ந்து செய்துவிடுங்கள், இல்லை பக்கத்து வீட்டுப் பையனிடம் பொறுமையாகச் சொல்லிச் செய்ய வையுங்கள். உங்கள் படத்தை முகப்புத் திரையில் வைத்து, அதைத் தொட்டால் கால் போகும்படி ஆக்கிக் கொடுத்துவிட்டால் எண் தேட வேண்டிய தொல்லை அவருக்கு இல்லை.

அப்புறம் டேட்டா. எங்கள் வீட்டில் ஒரு வருடம் முழுக்கச் சாயங்காலம் பேசினாலே குரல் துண்டு துண்டாக விழுந்தது. "என்னப்பா, கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு" என்பார் அம்மா. நான் இந்தப் பக்கம் ஆப்பை மாற்றினேன், போனை மாற்றினேன், மொட்டை மாடியில் போய் நின்று பேசிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் அம்மாவின் சிம்மில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகன் அந்தப் போனை எடுத்து வீடியோ பார்த்து அதைக் காலி செய்துவிடுகிறான். தினசரி அளவு தீர்ந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைந்துவிடும். குரலை மட்டும் அனுப்ப அதிகம் வேண்டியதில்லை, சுமார் 100 கேபிபிஎஸ் இருந்தால் தாராளம், ஆனால் அது விட்டு விட்டு வராமல் சீராக வர வேண்டும். குறைந்த வேகத்தில் பின்னால் வேறு ஏதாவது ஆப் அப்டேட் ஆக ஆரம்பித்தால் பேச்சு சிதறிப் போகும். மகனைத் திட்ட மனம் வரவில்லை, அவனுக்கும் அப்பா பக்கத்தில் இல்லை. பேசும் நேரத்தைக் காலைக்கு மாற்றினேன், அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

நம் குரலே நமக்குத் திரும்பக் கேட்கிறதா? அப்படியென்றால் அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள், ஸ்பீக்கரிலிருந்து வரும் நம் குரல் அவர்களுடைய மைக்கில் மறுபடி ஏறி நமக்கு வருகிறது. காதில் வைத்துப் பேசச் சொன்னால் நின்றுவிடும். நாம் சொன்னது போய்ச் சேரத் தாமதமாகி இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடுகிறீர்களா? வீடியோவை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

விபிஎன் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். ரூமில் நாலு பேர் போட்டிருப்பார்கள், ஒன்றும் ஆகாது என்பார்கள். கம்பெனிகள் தங்கள் வேலைக்கு விபிஎன் வைத்திருப்பது வேறு. தடை செய்ததைச் செய்வதற்காக அதைப் போட்டு முகவரியை மறைப்பது குற்றம். அமீரகத்தின் இணையக் குற்றச் சட்டமான 2021-ன் 34-ஆம் எண் சட்டத்தில் இதற்குச் சிறையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் இருக்கிறது. நம்மைப் போல மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பியது போக இருநூறு முந்நூறு மிச்சம் பிடிக்கிறவன் அந்த எண்ணின் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. போதாக்குறைக்கு இலவச விபிஎன் என்று கிடைப்பதை யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாது, அதே போனில்தான் வங்கி ஆப்பும் வைத்திருக்கிறோம்.

ரூமுக்கு வந்து காதோடு காதாக மலிவு நிமிடம் விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். ரூமில் ஒருவர் வாங்கினார், நானும் ஒரு தடவை அதில் பேசிப் பார்த்தேன். அம்மா போனில் விழுந்த எண், முன்பின் தெரியாத ஏதோ இந்திய மொபைல் எண். இந்தக் கள்ளத்தனம் இப்படி நடக்கிறது: நம் குரல் இணையம் வழியாக இந்தியாவில் ஏதோ ஓர் அறைக்குப் போகிறது, அங்கே ஒரு பெட்டியில் வரிசையாக சிம்கள் செருகியிருக்கும், அதில் ஒன்றிலிருந்து உள்ளூர் கால் மாதிரி வீட்டுக்குப் போகிறது. வெளிநாட்டு அழைப்புக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை ஏய்க்கத்தான் இந்த ஏற்பாடு. சிம் பாக்ஸ் என்று போலீஸ் பிடித்த செய்தி அவ்வப்போது வருவது இதுதான். வெளிநாட்டிலிருந்து பொய்யாக +91 எண் காட்டி வரும் அழைப்புகளைத் தடுக்க இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தனி ஏற்பாடே தொடங்கியிருக்கிறது. தெரியாத எண்ணை எடுத்துப் பேசும் பழக்கத்தை நாமே அம்மாவுக்கு ஏற்படுத்திவிட்டால், நாளைக்கு உங்கள் மகன் விபத்தில் மாட்டிக்கொண்டான், பணம் அனுப்புங்கள் என்று எவனாவது போட்டால் அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசி வைத்திருக்கிறோம். பணம் என்று யார் கேட்டாலும் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் நான்.

இவ்வளவு சொன்ன பிறகு சாதாரண சர்வதேசக் காலையும் கைவிட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் பேராவூரணி, பட்டுக்கோட்டை எங்கும் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன, கரண்ட் கம்பங்கள் விழுந்துவிட்டன. அன்று காலையிலிருந்து எந்த ஆப்பும் போகவில்லை, எந்த மெசேஜுக்கும் இரண்டாவது டிக் விழவில்லை. ஷார்ஜாவில் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே ரூமில் கூடி உட்கார்ந்து ஆளுக்கொரு எண்ணாக அடித்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் மத்தியானம் என் மச்சான் எண்ணிலிருந்து வந்தது, வாட்ஸ்அப் கிடையாது, நேரான கால். சிக்னல் இருக்கிற இடம் தேடி மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய், அங்கே கிடைத்த ஒரு கோடு சிக்னலில் போட்டிருக்கிறார். டேட்டா ஓடவே முடியாத அந்த இடத்தில் குரல் மட்டும் வந்தது. "எல்லாரும் இருக்கோம் மாப்ள, வீட்டு ஓடுதான் போச்சு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களும் பேச வேண்டும் என்று வைத்துவிட்டார். முப்பது விநாடிகூட இருக்காது.

அதனால் உங்கள் இரண்டு சிம்மிலும் கொஞ்சம் பேலன்ஸ் எப்போதும் இருக்கட்டும், ஊரில் ஒருவர் போனிலாவது வெளிநாட்டுக்குப் பேசும் வசதியைத் திறந்து பணம் போட்டு வையுங்கள். உங்கள் எண்ணைப் பூஜ்யம் பூஜ்யம் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஆரம்பித்துப் பெரிதாக எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள், போன் செத்துவிட்டால் யார் போனிலிருந்தாவது போடலாம். உங்கள் இந்திய சிம்மையும் சாகவிடாதீர்கள், வங்கி ஓடிபி, ஆதார் எல்லாம் அதில்தான் வரும்; 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்தால் எண்ணைத் துண்டிக்க விதி இருக்கிறது.

நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தியா நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். நான் காலை ஐந்துக்கு, வேலை வண்டி வருவதற்கு முன் போடுகிறேன். அங்கே ஆறரை, அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருப்பார், டேட்டா முழுசாக இருக்கும், மகன் இன்னும் எழுந்திருக்க மாட்டான். சில நாள் அம்மா அவனைத் தட்டி எழுப்பிப் போனைக் காதில் வைப்பார், அவன் கண்ணைத் திறக்காமலே அப்பா என்பான்.