டோக்கன் கொடுத்த பிறகு தெரிந்த தண்ணீர்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் பதினைந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ஹொரமாவு பக்கம் எட்டு வருடம் பழைய அப்பார்ட்மென்டில் ஒரு தரைத்தள வீட்டை 68 லட்சத்துக்குப் பேசி, 3 லட்சம் டோக்கன் வங்கி மூலம் கொடுத்துவிட்டோம். 'வாங்குபவர் பின்வாங்கினால் டோக்கன் திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் ஒரு வரி இருக்கிறது. விற்பவர் எங்கள் தருமபுரிக்காரர்தான். போன வாரம் அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவர், "அந்தக் கீழ் வீடா? மழைக்கு முட்டி வரைக்கும் தண்ணி நின்னுச்சே" என்றார். விற்பவரிடம் கேட்டால், "ஒரே ஒரு தடவைதான், அதுவும் வாசல் வரைக்கும். இப்ப கால்வாய்க்குச் சுவர் கட்டிட்டாங்க" என்கிறார். பேங்கே லோன் தருகிறது, அப்புறம் என்ன பயம் என்கிறார் புரோக்கர். டோக்கனை விட்டுவிடுவதா? வாங்கிவிட்டு, பிறகு தண்ணீர் வந்தால் விற்றவர் மேல் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வழக்குப் போடலாம், ஜெயிப்பது கஷ்டம். அதற்குக் காரணம் அந்த இஸ்திரிக்காரர்.

1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, சொத்தில் உள்ள முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் எல்லாக் குறையையும் அல்ல. அது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வாங்குபவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாததாக இருக்க வேண்டும். இஸ்திரிக்காரர் வாயைத் திறந்த நிமிடமே இரண்டாவது நிபந்தனை ஆட்டம் கண்டுவிட்டது. 'எனக்குத் தெரியாது' என்று இனி நீங்கள் கோர்ட்டில் சொல்ல முடியாது. அவர் சொல்லாமலே இருந்திருந்தாலும் மூன்றாவது நிபந்தனையில் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைப் பிடித்திருப்பார். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஐடி ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போனதை நாடே பார்த்தது. 2025 மே மாதம் உங்கள் ஹொரமாவு சாய் லேஅவுட் தண்ணீரில் நின்றது டிவியில் வந்தது. 'இந்தப் பகுதியில் தரைத்தளம் வாங்குகிறவர் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டாரா?' என்று ஜட்ஜ் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அதனால் வாங்கிவிட்டுச் சண்டை போடும் யோசனையை விடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் பலமாக இருப்பது கிரயப் பத்திரத்துக்கு முன்னால்தான், அதாவது இப்போது.

அதே 55ஆவது பிரிவில் பலர் கவனிக்காத இன்னொரு வரி இருக்கிறது. சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகள் எல்லாவற்றுக்கும், தனக்குத் தெரிந்த அளவில் விற்பவர் பதில் சொல்ல வேண்டும். வாசலில் நின்று கேட்டால் 'ஒரே ஒரு தடவை' என்ற பதில்தான் வரும். எழுதிக் கேளுங்கள். ஈமெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். ஊர்க்காரரிடம் காகிதம் நீட்டுவது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தயங்குவீர்கள், தெரியும். நான் கேட்கச் சொன்னேன் என்றோ லோன் வக்கீல் கேட்கச் சொன்னார் என்றோ பழியை எங்கள் தலையில் போடுங்கள்.

'தண்ணீர் வருமா?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தேதி வைத்துக் கேளுங்கள். 2022 ஆகஸ்ட், செப்டம்பர் மழையில், 2024 அக்டோபரில், 2025 மே மாதத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, எத்தனை அடி, எத்தனை மணி நேரம்? பேஸ்மென்டில்? கரண்ட் எத்தனை நாள் இல்லை? வெள்ளச் சேதத்துக்கு நீங்களோ அசோசியேஷனோ இன்சூரன்ஸ் கேட்டது உண்டா? ராஜகாலுவே (மழைநீர்க் கால்வாய்) சம்பந்தமாக மாநகராட்சியிலிருந்தோ தாசில்தாரிடமிருந்தோ நோட்டீஸ் வந்ததா? இவ்வளவு போதும். பதினைந்து நாள் கெடு கொடுங்கள்.

அவர் உண்மையை ஒப்புக்கொண்டால் விலையைக் குறைத்துப் பேசவோ கௌரவமாக விலகவோ வழி கிடைக்கும். தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை. ஒப்பந்தச் சட்டப்படி, சும்மா இருந்துவிட்டவர் 'நீயே விசாரித்திருக்கலாமே' என்று தப்பிக்கப் பார்க்கலாம், ஆனால் கூசாமல் பொய் சொன்னவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. (பொய் என்று உங்களுக்குத் தெரிந்தே வாங்கினால் அதுவும் உதவாது. ஏமாந்தவருக்குத்தான் நிவாரணம்.) பதிலே தராமல் இழுத்தடித்தால், டோக்கன் விஷயத்தில் உங்கள் கை ஓங்குகிறது.

அந்த டோக்கன். ரசீதில் அப்படி ஒரு வரி இருந்தால், காரணமில்லாமல் விலகுகிறவரின் முன்பணத்தை விற்பவர் வைத்துக்கொள்வதைக் கோர்ட்டுகள் பொதுவாக ஏற்கின்றன. ஆகவே 'எங்களுக்கு வேண்டாம்' என்று இன்று வாட்ஸப்பில் ஒரு வரி தட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பின்வாங்கியவர் நீங்கள். கேள்வி கேட்டு, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாததால் விலகினால், தவறியவர் அவர். சொல்ல வேண்டிய குறையை மறைப்பதை மோசடி என்றே அந்த 55ஆவது பிரிவு சொல்கிறது. இதே பிரிவின்படி, சரியான காரணத்தோடு விலகும் வாங்குபவர் முன்கூட்டிக் கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே பாத்தியதை உண்டு. இதை வக்கீல் நோட்டீஸில் எழுதினால், அடுத்த ஆளுக்கு விற்கத் துடிக்கும் பலரும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 3 லட்சத்துக்காகச் சிவில் கோர்ட்டுக்கு நடக்க யாருக்கும் ஆசை இல்லை, அவருக்கும் சேர்த்துத்தான்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரியும் விஷயம். வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்துவிடும். அந்தக் கட்டடமே ராஜகாலுவேயின் மேலோ அதன் ஓரமாகக் காலியாக விட வேண்டிய ஒதுக்கு எல்லைக்குள்ளோ இருந்தால்? 2016 ஆகஸ்டில் பொம்மனஹள்ளி பக்கம் கால்வாயை மறித்துக் கட்டியவை என்று வீடுகளை இடித்தார்கள். இடிபட்டவர்களில் காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), வரி ரசீது, பேங்க் லோன் எல்லாம் வைத்திருந்தவர்கள் உண்டு. பெங்களூரு மேட்டில் இருக்கும் ஊர். மழைநீர் பள்ளத்தாக்குகள் வழியே ஏரியிலிருந்து ஏரிக்கு இறங்கிப் போக, அவற்றை இணைத்த கால்வாய்கள்தான் இந்த ராஜகாலுவேக்கள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டே ஒரு ஏரி இருந்த இடம். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை என்று அல்சூர் ஏரிக்கரையில் வளர்ந்த என் பாட்டி சொல்வார்.

2015 மாஸ்டர் பிளான்படி, கால்வாயின் நடுவிலிருந்து முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15, ஏரிக்கு 30 மீட்டர் காலியாக விட வேண்டும். 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் இதை அதிகமாக்கி, ஏரிக்கு 75 மீட்டர் என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. உங்கள் கட்டடத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பது அதற்குப் பிளான் அனுமதி கிடைத்த தேதியைப் பொறுத்தது. அதனால் அனுமதி பெற்ற பிளானையும், குடியேறலாம் என்று தரும் ஓசி (ஆக்குபன்சி சர்டிபிகேட்) சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அடுக்குமாடிதானே என்று இருக்க வேண்டாம். நீங்கள் வாங்குவதில் அந்த நிலத்தின் பிரிபடாத பங்கும் அடக்கம். நிலத்தில் தகராறு என்றால் மூன்றாம் மாடிக்காரருக்கும் அதே கதிதான்.

நம்மவர்களில் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அங்கேதான் சறுக்குகிறோம். மூலப் பத்திரத்தை வாங்கி, செட்யூல் பக்கத்தில் நான்கு எல்லைகளையும் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். 'ஹள்ள', 'காலுவே', 'கெரெ', 'கரப்' என்ற நான்கு சொற்கள் காதில் விழுகின்றனவா என்று கவனியுங்கள். ஹள்ள என்பது நம் பள்ளம்தான், கன்னடத்தில் 'ப' 'ஹ' ஆகிவிட்டது. அங்கே ஓடையைக் குறிக்கும். காலுவே கால்வாய், கெரெ ஏரி. கரப் என்பது சாகுபடிக்கு உதவாதது என்று பதிவில் ஒதுக்கிய நிலம். கரப் நிலத்தில் 'பி கரப்' என்றால் ஓடை, பாதை போலப் பொது உபயோகத்துக்கு விட்டது, அதைத் தனியார் விற்கவே முடியாது. மூலப் பத்திரத்தில் கிழக்கு எல்லை 'ஹள்ள' என்றும், இருபது வருடம் கழித்து எழுதிய பத்திரத்தில் அதே எல்லை 'ரோடு' என்றும் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இப்படி எல்லை மாறிய பத்திரங்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

சர்வே நம்பர் கையில் வந்ததும், கர்நாடக அரசின் 'திஷாங்க்' ஆப்பில் அந்த இடத்தில் நின்று பாருங்கள். நிற்கும் இடத்தின் சர்வே நம்பரும் பக்கத்தில் உள்ள அரசு நிலமும் தெரியும். நில அளவைத் துறையில் கிடைக்கும் பழைய கிராம வரைபடத்தில் ஓடைகள் கோடு போட்டிருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். அந்தக் கால்வாய் எந்த நிலை என்று உங்கள் பகுதி மாநகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். சந்தேகம் மிச்சமிருந்தால் லைசென்ஸ் உள்ள சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். 68 லட்சத்துக்கு முன்னால் அந்தச் செலவு பெரிதல்ல.

புரோக்கர் சொன்ன பேங்க் வாதம் பாதி உண்மை. பேங்க் வக்கீல் பார்ப்பது விற்பவருக்கு உரிமை இருக்கிறதா, அடமானம் செல்லுமா என்று. மழையில் உங்கள் சோபா நனையுமா என்பது அவர் வேலையில் இல்லை. நனைந்தாலும் ஈஎம்ஐ நீங்கள்தான் கட்டுவீர்கள்.

தண்ணீர் எவ்வளவு வந்தது என்று அறிய எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அசோசியேஷன் கணக்குப் புத்தகம். நான் மேலே சொன்ன மாதங்களில் பம்பு வாடகை, டீசல், லிஃப்ட் ரிப்பேர், சம்ப் கழுவிய செலவு இருக்கிறதா பாருங்கள். செக்ரட்டரி காட்ட மறுத்தால் விற்பவர் உறுப்பினர் என்ற முறையில் வாங்கித் தரட்டும். மீட்டர் போர்டை இடுப்புக்கு மேலே ஏற்றியிருக்கிறார்களா, சுவரில் கீழ் மூன்றடி மட்டும் புது பெயின்டா, வாசற்படியில் கருங்கல்லை ஏற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் திருப்தியாகி வாங்கத் தீர்மானித்தால், கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரியை அடித்துவிடுங்கள்: 'வாங்குபவர் சொத்தை நேரில் பார்த்துத் திருப்தியடைந்து உள்ளது உள்ளபடி ஏற்கிறார்' என்பது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் 55ஆவது பிரிவின் கடமைகள் பொருந்தும், அந்த ஒரு வரியைக் காட்டி அவர் நழுவப் பார்ப்பார். அதற்குப் பதிலாக, உங்கள் கேள்விகளும் அவர் பதில்களும் ஒப்பந்தத்தின் இணைப்பு என்றும், பொய்யென்று தெரிந்தால் நஷ்டத்தை அவர் ஈடு செய்வார் என்றும் எழுதுங்கள். வீட்டு இன்சூரன்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளமும் அடக்கம்.

ரேரா (பில்டர்களை ஒழுங்குபடுத்தும் ரியல் எஸ்டேட் சட்டம்) உங்களுக்கு உதவாது. நீங்கள் வாங்குவது பில்டரிடமிருந்து அல்ல, பில்டரின் ஐந்து வருடக் குறை நிவர்த்திப் பொறுப்பும் முடிந்திருக்கும். புது வீடு வாங்குகிறவர்களுக்கு நிலைமை வேறு: பில்டர் விளம்பரத்தில் சொன்னது பொய்யென்றால் ரேரா சட்டத்தின் 12ஆவது பிரிவில் வட்டியோடு பணம் திரும்பக் கேட்கலாம்.

விற்பவருக்கு அனுப்பும் கடிதத்தைத் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், சரி பார்த்து ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறேன். மூலப் பத்திரத்தின் செட்யூல் பக்கம் கிடைத்தால் அதையும். கன்னடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, போட்டோ தெளிவாக இருக்கட்டும்.