கார்பரேட்டர் வண்டி திணறுதா, நின்னு போகுதா? கேளுங்க

பழைய புரோட்டோன் சாகா, இஸ்வரா, பெரோடுவா கஞ்சில் கார் வச்சிருக்கவங்க கேக்கலாம். காத்தையும் பெட்ரோலையும் கலந்து அனுப்புற கார்பரேட்டர், பொறி போடுற இக்னிஷன் ரெண்டும்தான் நம்ம ஏரியா, கியர்பாக்ஸ் பெயிண்ட் எல்லாம் வேற ஆள பாருங்க. முதல்லயே சொல்லிடுறேன், கார்பரேட்டர்ல கலவைய கூட்டிக் குறைக்கிற மிக்ஸ்சர் ஸ்க்ரூவ யாரும் தொடாதீங்க.

செந்தூல் தம்பி: அண்ணே, 94 இஸ்வரா. பச்ச விழுந்து எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) அமுக்குனா ஒரு செகண்ட் செத்துப்போய் அப்புறம்தான் தூக்குது. கார்பரேட்டர மாத்தணுமா?

வேணாம் தம்பி. நீ அமுக்குன உடனே காத்து சட்டுனு உள்ள போயிடும், பெட்ரோல் அந்த வேகத்துக்கு வராது, அந்த நேரத்துல கூடுதலா பெட்ரோல் பீச்சுறதுக்குத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப்புனு ஒண்ணு இருக்கு. எஞ்சின ஆஃப் பண்ணு, ஏர் ஃபில்டர கழட்டு, டார்ச் அடிச்சு கார்பரேட்டர் தொண்டைக்குள்ள பாத்துக்கிட்டே கையால த்ராட்டில இழு. இழுத்த அந்த நொடியே சின்ன மூக்குலேர்ந்து நேரா அழுத்தமா பீச்சணும். சொட்டு சொட்டா வடிஞ்சாலோ, பாதி இழுத்தப்புறம் வந்தாலோ, பம்ப் டயஃப்ரம் ரப்பர் வெடிச்சிருக்கும் இல்ல மூக்கு அடைச்சிருக்கும். ரிப்பேர் கிட் வாங்கி போட்டா முடிஞ்சது. அடைப்ப எடுக்குறேன்னு கம்பி விட்டு குத்தாத, பித்தளை ஜெட்டு, ஓட்டை பெருசாயிட்டா அப்புறம் டியூனிங்கே நிக்காது.

பீச்சு நல்லா இருந்தும் திணறுனா, பிளக்குகளுக்கு கரண்ட பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுல இருக்குற வேக்கம் அட்வான்ஸ் டப்பாவ பாரு, எஞ்சின் உறிஞ்சுற இழுப்புல பொறிய முன்கூட்டியே போட வைக்கிறது அதுதான். அதோட ஹோஸ கார்பரேட்டர் பக்கம் கழட்டி வாயால உறிஞ்சி நாக்கால அடைச்சு வை, நாக்கு ஒட்டிக்கிட்டு நிக்கணும். காத்து வந்துக்கிட்டே இருந்தா உள்ள கிழிஞ்சிருக்கு.

கெப்போங் அக்கா: 88 சாகா, கால எடுத்தா நின்னுடுது, சோக்க பாதி இழுத்து வச்சா ஓடுது.

அக்கா, சோக் இழுத்தா ஓடுதுன்னா காத்து அதிகமா போகுது, இல்லன்னா பெட்ரோல் கம்மியா வருது. சாவிய ஆன்ல வச்சு கார்பரேட்டர்ல இருக்குற ஐடில் சொலினாய்டு (கால எடுத்தப்புறம் ஓடுறதுக்கு பெட்ரோல் வழிய திறக்குற கரண்ட் வால்வு) வயர கழட்டி மாட்டுங்க, டிக்குனு சத்தம் வரணும். சத்தம் இல்லன்னா கரண்ட் வருதான்னு பாருங்க, வந்தா சொலினாய்டு போச்சு. சத்தம் வந்தா வேக்கம் ஹோஸ் எல்லாத்தையும் நுனி வரைக்கும் தடவிப் பாருங்க, காஞ்சு வெடிச்சிருக்கும். கார்பரேட்டருக்கு அடியில இருக்குற கேஸ்கெட்டும் அப்படித்தான். ஸ்ப்ரே அடிச்சு லீக் தேடுறேன்னு சூடான எக்ஸாஸ்ட் மேல அடிக்காதீங்க, தீப்பிடிக்கும். ஸ்க்ரூவயும் தொடாதீங்க.

பத்துமலை நண்பர்: பிரேக் அமுக்குறப்ப மட்டும் நிக்குது.

எஞ்சின் இழுப்புல பிரேக்குக்கு பலம் குடுக்குற பிரேக் பூஸ்டர் டயஃப்ரம் லீக்கா இருக்கலாம். வண்டி நின்ன இடத்துல எஞ்சின ஓடவிட்டு பிரேக்க அமுக்கிப் பாருங்க, உஸ்ஸுனு சத்தம் வந்து ஐடில் இறங்குனா அதேதான். இது பிரேக் சமாச்சாரம், நாளைக்குன்னு தள்ளிப் போடாம ஒர்க்‌ஷாப் போங்க.

அம்பாங் தம்பி: ஏர்கான் போட்டா நின்னுடுது. ஸ்க்ரூ எத்தனை சுத்து?

ஏர்கான் போட்டா எஞ்சின் வேகத்த கொஞ்சம் ஏத்துற ஐடில் அப் வேலை செய்யல, அந்த ஹோஸ பாரு. ஸ்க்ரூ வேணாம்.

ரவாங் அண்ணன்: ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள்ல...

மோட்டார்காரங்கள கேளுங்க அண்ணே.

பூச்சோங் நண்பர்: மிக்ஸ்சர் ஸ்க்ரூ எத்தனை...

மேல சொன்னத படிங்க.

கோம்பாக் நண்பர்: மத்தியானம் ஃபெடரல் ஹைவே ஜாம்ல நின்னு போச்சு, அரை மணி நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆச்சு. பெட்ரோல் கொதிக்குதுன்னு மெக்கானிக் சொன்னாரு. குழாய்ல அலுமினியம் தாள் சுத்தியும் மறுபடி நின்னுச்சு.

கிள்ளான் அண்ணன்: வேப்பர் லாக்தான் லா அது, பெட்ரோல் குழாய்லயே ஆவியாகி அடைச்சுக்குது. ஈரத்துணி போட்டா சரியாயிடும்.

செராஸ் தம்பி: ரோன்97 ஊத்துங்க, கொதிக்காது.

தம்பி, ரோன் நம்பர் எஞ்சின் நாக் ஆகாம இருக்குறதுக்கு, கொதிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. காச வீணாக்காத.

கிள்ளான் அண்ணே, நம்ம வெயில்ல வேப்பர் லாக் வரும்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா சூட்டுல நின்னு ஆறுனா ஓடுறது பிளக்குக்கு கரண்ட ஏத்திக் குடுக்குற இக்னிஷன் காயிலுக்கும் அதே குணம், அந்த காயில ஆன் ஆஃப் பண்ற டிஸ்ட்ரிபியூட்டர் மாட்யூலுக்கும் அதே குணம். ஈரத்துணி போடுற நேரத்துல காயிலும் ஆறிடுது, துணிக்குத்தான் நல்ல பேரு.

கிள்ளான் அண்ணன்: முப்பது வருஷமா துணிதான் போடுறேன், ஓடுது.

ஓடட்டும் அண்ணே, ஆனா இவருக்கு தாள் சுத்தியும் நின்னுச்சே. கோம்பாக் நண்பரே, அடுத்து நின்னா ஓரங்கட்டி, ஆறுறதுக்குள்ள பாருங்க. செந்தூல் தம்பிக்கு சொன்ன மாதிரி த்ராட்டில இழுங்க. பீச்சுச்சுன்னா உள்ள பெட்ரோல் இருக்கு, வேப்பர் லாக் இல்ல. பீச்சலன்னா கிள்ளான் அண்ணன் சொன்னது சரியா இருக்கலாம், பெட்ரோல் பம்ப்பையும் பெட்ரோல் ஃபில்டரையும் குழாய் எஞ்சின ஒட்டிப் போகுதான்னும் பாருங்க. பீச்சுனா ஏர் ஃபில்டர திரும்ப மூடிட்டு, ஸ்பேர் பிளக் ஒண்ண வயர்ல மாட்டி, கார்பரேட்டர விட்டு தள்ளி எஞ்சின் இரும்புல ஒட்டி வச்சு வேற ஒருத்தர ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்க, வயர கையில பிடிக்காதீங்க. நீலமா பளிச்சுனு வரணும். மஞ்சளா நோஞ்சானா வந்தா இல்ல வரவே இல்லன்னா காயில், மாட்யூல் பக்கம் போங்க. ஸ்டார்ட் ஆகலயேன்னு கார்பரேட்டர் வாயில பெட்ரோல் மட்டும் ஊத்திடாதீங்க, பேக்ஃபயர் ஆனா மூஞ்சியிலதான் அடிக்கும்.

பார்த்துட்டு எது வந்துச்சுன்னு இங்கயே எழுதுங்க, கிள்ளான் அண்ணனும் காத்துக்கிட்டு இருக்காரு.