ஓடுகிற உலையும் கட்டாத உலையும்

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவில் குடும்பத்துடன் வசிக்கிறேன். சொந்த ஊர் ராதாபுரம் பக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகள், அணுமின்சாரத்தை விரிவாக்க வேண்டும் என்று கோரும் மாணவர் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். அவள் காட்டிய ஆதரவாளர் பட்டியலில் வங்கிகள், தொழிற்சங்கம், கூகுள், அமேசான், விஞ்ஞானிகள், தாய்மார் அமைப்பு என்று ஒன்றோடொன்று ஒட்டாத எல்லோரும் இருக்கிறார்கள். பணம் கைமாறாமல் இப்படி ஒரு கூட்டம் சேருமா? எல்லோரும் விலைபோனவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கதிர்வீச்சையும் கழிவையும் பற்றி நான் பேசினால் அவள் சிரிக்கிறாள். கூடங்குளத்துக்காகப் போராடிய மண்ணிலிருந்து வந்தவன் நான். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது டயாப்லோ கேன்யன் அணுமின்நிலையத்தின் வரலாற்றைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் வழக்கம்போல் தள்ளிப்போடாமல் உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கண்டிப்பு. நமக்கு உடன்பாடில்லாத பக்கத்தில் பலர் நிற்பதைக் கண்டதும் ‘விலைபோனவர்கள்’ என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்கும் வேலை மிச்சம். இதையே மகளிடமும் சொல்லியிருப்பீர்களானால் அவள் சிரித்ததில் வியப்பில்லை. நிறுவனங்களுக்கு லாபக் கணக்கு உண்டு. அதை அவை மறைப்பதுமில்லை. ஆனால் அந்த ஒரு காரணத்தைக் கொண்டு எல்லோரையும் விளக்கிவிட முடியாது.

உங்கள் மாநிலத்தின் டயாப்லோ கேன்யனையே எடுத்துக்கொள்ளுங்கள். சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கு அருகே கடலோரத்தில் இரண்டு உலைகள். ஏறத்தாழ 2,200 மெகாவாட். 1960களில் பிஜி அண்ட் ஈ என்ற மின் நிறுவனம் தன் அணுமின்நிலையத்தை நிபோமோ மணல்மேடுகளில் கட்ட நினைத்தது. அந்த மணல்மேடுகளைக் காப்பாற்றுவதற்காக, அமெரிக்காவின் மூத்த சூழலியல் அமைப்புகளில் ஒன்றான சியரா கிளப், 1966இல் டயாப்லோ கேன்யனை மாற்று இடமாக ஏற்றுக்கொண்டது. உறுப்பினர்களின் வாக்கெடுப்பும் அதை உறுதி செய்தது. இயற்கையைப் படமெடுத்தே புகழ்பெற்ற ஆன்சல் ஆடம்ஸ் அந்த முடிவின் பக்கம் நின்றார். கிளப்பின் செயல் இயக்குநராக இருந்து அதைக் கடுமையாக எதிர்த்த டேவிட் பிரவர் 1969இல் வெளியேறி ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்’ அமைப்பைத் தொடங்கினார். 1974இல் சியரா கிளப்பே புதிய அணுமின்நிலையங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. இவர்களில் யாரை யார் விலைக்கு வாங்கினார்கள்? ஆடம்ஸ் மணல்மேட்டைக் காக்க நினைத்தார், பிரவர் பள்ளத்தாக்கைக் காக்க நினைத்தார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு 2016இல், உரிமம் முடியும் 2024, 2025ஆம் ஆண்டுகளில் இரு உலைகளையும் மூடிவிடுவதென்று ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதில் நிறுவனமும், பிரவர் தொடங்கிய அமைப்பும், ஐபிஇடபிள்யூ 1245 என்ற மின்தொழிலாளர் சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்டன. அதே ஆண்டில், அந்நிலையத்தில் பணிபுரிந்த ஹெதர் ஹாஃப், கிறிஸ்டின் சைட்ஸ் என்ற இரு பெண்கள் அதை மூடக்கூடாது என்று ‘மதர்ஸ் ஃபார் நியூக்ளியர்’ அமைப்பைத் தொடங்கினர். உங்கள் மகளின் பட்டியலில் இருக்கும் தாய்மார் அமைப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் வெப்ப அலையின்போது கலிபோர்னியாவில் மின்வெட்டு வந்தது. 2022 பிப்ரவரியில் முன்னாள் எரிசக்தித் துறைச் செயலர் ஸ்டீவன் சூ உள்பட ஏறத்தாழ எண்பது பேர் நிலையத்தைத் தொடர்ந்து இயக்கும்படி ஆளுநருக்குக் கடிதம் எழுதினர். 2016இல் துணை ஆளுநராக இருந்து மூடுவதை ஆதரித்த கேவின் நியூசம், 2022 செப்டம்பர் 2 அன்று ஆளுநராக அதை 2030 வரை நீட்டிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த நான்காம் நாள் மாநிலத்தின் மின்தேவை 52,000 மெகாவாட்டைத் தாண்டி வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது.

இவர்களில் தொழிற்சங்கத்தை நீங்கள் ஒரு பெயராக மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் தாய்மாமா தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்தவர், தீவிரமான சங்கக்காரர். நிர்வாகம் செய்த எதையும் நல்லதென்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் யூனிட் ட்ரிப் ஆகிவிட்டது, அதாவது இயந்திரம் திடீரென்று நின்றுவிட்டது என்று தகவல் வந்தால், விடுப்பில் இருக்கும் நாளிலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாசல்வரை வந்து திட்டிவிட்டு அத்தை இலையை எடுத்துவிடுவார். ஓடுகிற இயந்திரத்தின் மேல் அதை ஓட்டுகிறவனுக்கு இருக்கும் பற்றில் கூலியும் சேர்ந்திருக்கிறது, ஆனால் அது கூலியோடு முடிந்துவிடுவதில்லை. டயாப்லோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நிரந்தர வேலை. நிலையம் கட்டிய சொத்துவரி உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் போனது. சூரியமின் பூங்கா அமைத்தாலும் வேலை வரும் என்பார்கள். அந்த வேலையில் பெரும்பகுதி பலகைகளைப் பொருத்தி முடித்ததும் போய்விடும். மூடும்போது தொழிலாளர் நலனுக்கு உறுதி கேட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், நீட்டிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது அந்தப் பக்கம் நின்றதும் சங்கத்துக்கு முரண்பாடே அல்ல.

விஞ்ஞானிகளின் கணக்கு கார்பனில் இருக்கிறது. 2012இல் சான் ஓனோஃப்ரே அணு உலைகள் நின்றபோது கலிபோர்னியாவில் கார்பனை உமிழும் எரிவாயு மின்சாரம் கூடியது. 2021இல் நியூயார்க்கின் இந்தியன் பாயிண்ட் மூடப்பட்டபோதும் அதுவே நடந்தது. கூகுளுக்கும் அமேசானுக்கும் தரவு மையங்கள் இரவு பகலாக ஓட வேண்டும். ஒரே பேருந்தில் ஏறியவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் இறங்குவதில்லை.

ஆகவே உங்கள் மகளும் அந்தப் பெயர்களை ஒன்றாகக் கூட்டிவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் உலையை மூடாதீர்கள் என்பது ஒரு கோரிக்கை. புதிய உலைகளைக் கட்டுங்கள் என்பது முற்றிலும் வேறொரு கோரிக்கை. முதலாவதற்குத் திரண்ட ஆதரவை இரண்டாவதன் கணக்கில் வரவு வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டயாப்லோவைக் கட்டும்போது கடலடியில் ஹோஸ்க்ரி நிலப்பிளவு கண்டறியப்பட்டது. 1981இல் நிலநடுக்கத் தாங்கிகளுக்கான வரைபடத்தை இடவலம் மாற்றிப் பயன்படுத்திய பிழை வெளிவந்தது. செலவு 500 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பணம் எப்போதோ போய்விட்டது. இனி எரிபொருள், பராமரிப்பு, நிலநடுக்கப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான செலவை மட்டும் எடைபோட்டால் போதும். அப்படி எடைபோட்டுத்தான், அதை ஓடவிட்டது சரி என்று நானும் சொல்கிறேன்.

புதிய உலையின் கதை வேறு. ஜார்ஜியாவின் வோக்டில் நிலையத்தில் இரண்டு உலைகளுக்கு 1,400 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். ஏழு ஆண்டுத் தாமதத்துடன் 2023இலும் 2024இலும் அவை ஓடத் தொடங்கியபோது செலவு 3,000 கோடியைத் தாண்டியிருந்தது. தென் கரோலைனாவில் வி.சி. சம்மர் நிலையத்தின் இரு புதிய உலைகள் ஏறத்தாழ 900 கோடி டாலரை விழுங்கிய பின் 2017இல் கைவிடப்பட்டன. ஒரு யூனிட் மின்சாரமும் தராத அந்தக் கட்டடங்களுக்கு நுகர்வோர் தங்கள் மின்கட்டணத்தில் பணம் கட்டினார்கள். 2023 டிசம்பரில் துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 2050க்குள் உலக அணுமின் திறனை மும்மடங்காக்குவோம் என்று அறிவித்தன. 2024 செப்டம்பரில் 14 நிதி நிறுவனங்களும், 2025 மார்ச்சில் அமேசான், கூகுள், மெட்டா ஆகியவையும் அந்த இலக்கை ஆதரித்தன. செலவு இரட்டித்தால் அதை யார் சுமப்பது என்பதற்கு அந்த ஆதரவில் விடை இல்லை. மைக்ரோசாஃப்ட் 2024இல் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டதுகூட, த்ரீ மைல் ஐலண்டில் 2019இல் நிறுத்தப்பட்ட பழைய உலையை மீண்டும் ஓட்டுவதற்காகத்தான். புதிய சிறு உலைகளுக்கும் கூகுளும் அமேசானும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அவை கட்டப்பட்டு, கணக்கு வெளிவரட்டும்.

கழிவைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அணுக்கழிவைப் புதைத்து வைக்க வகுத்த யூக்கா மலைத் திட்டம் கைவிடப்பட்ட பின் அமெரிக்க மின்நிலையங்களின் கழிவுக்கு நிரந்தர இடமில்லை என்பதால், உலையை மூடினாலும் டயாப்லோவின் கழிவு அங்கேயேதான் இருக்கும். கதிர்வீச்சுக்குள் இன்று நான் போகவில்லை. கூடங்குளத்தை இதில் கலக்க வேண்டாம். உங்கள் வலி எனக்குப் புரிகிறது. தங்கள் கேள்விகளுக்கு முறையான பதில் கிடைக்கவில்லை என்பது இடிந்தகரை மக்களின் குறை, அதற்குக் கலிபோர்னியாவிலிருந்து விடை எடுக்க முடியாது. அது தனிக் கடிதத்துக்கு உரியது.

மகளோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை மறுபடி எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, மூடாதே என்கிறார்களா கட்டு என்கிறார்களா என்றும், கட்டு என்பவர்கள் செலவில் எவ்வளவு ஏற்கிறார்கள் என்றும் அவள் எழுதட்டும். தாய்மார் அமைப்பிலிருந்து தொடங்குங்கள். அந்த இரு பெண்களும் அதே நிலையத்தில் சம்பளம் வாங்கியவர்கள் என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். சொல்லுங்கள். அதற்கு அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதை மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.